ஸ-வை விடாமல் பிடித்துக்கொள்

கிட்டார் வாசிக்கத் தொடங்கி எட்டு வருடம் ஆகியிருந்தது. ஒரு மாலை நண்பர்கள் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். ஒருத்தி பாட ஆரம்பித்தாள். எல்லோருக்கும் தெரிந்த பாட்டு. கிட்டார் என் மடியில்தான் இருந்தது. “வாசிடா” என்றார்கள். “எந்தக் கீ, எந்தச் சுருதி?” என்று கேட்டேன். “எனக்கு எப்படித் தெரியும், நீதான் பிடிக்கணும்” என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த வரிக்குப் போய்விட்டாள்.

போனை எடுத்து அந்தப் பாட்டின் கார்டுகளை, அதாவது பாட்டுக்குத் துணையாகச் சேர்த்து மீட்டும் ஸ்வரக் கூட்டுகளை, தேடினேன். கிடைத்தன. ஆனால் அவள் பாடிய சுருதி வேறு. திரையில் இருந்ததை அவள் சுருதிக்கு மாற்றுவதற்குள் சரணம் வந்துவிட்டது. பாட்டு முடிகிற வரைக்கும் இடது கை கம்பிகளின் மேல் சும்மா கிடந்தது. வலது கை கிட்டாரின் உடம்பில் தாளம் போட்டது. “நல்லாத் தட்டுறே” என்றான் ஒருவன். அவன் கிண்டல் செய்யவில்லை, உண்மையாகவே பாராட்டினான். அதுதான் கூடுதலாக வலித்தது.

மறுநாள் காதுப் பயிற்சிச் செயலி ஒன்றை இறக்கினேன். பியானோவில் ஒரு கார்டு ஒலிக்கும். மேஜரா, மைனரா, டிமினிஷ்டா என்று அதன் வகையைச் சொல்ல வேண்டும். மூன்று மாதத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு வாங்கினேன். அந்தத் தெம்பில் நிஜமான பாட்டு ஒன்றைப் போட்டுக் கேட்டால், டிரம்ஸ் கேட்கிறது, குரல் கேட்கிறது, பின்னால் ஏதோ வயலின் கூட்டம் கேட்கிறது. கார்டு எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை.

செயலியைக் குறை சொல்ல மாட்டேன். அது கேட்ட கேள்விக்கு நான் சரியாகத்தான் பதில் சொன்னேன். கேள்விதான் வேறு. அங்கே ஒவ்வொரு கார்டும் மௌனத்திலிருந்து தனியாக வந்து நிற்கும். பாட்டில் எந்தக் கார்டும் தனியாக வருவதில்லை. முன்னால் வந்ததன் சாயல் அதன்மேல் ஏறியிருக்கும்.

இந்த இடத்தில் ஒரு பழைய கோபத்தைச் சொல்லிவிடுகிறேன். மேஜர் என்றால் மகிழ்ச்சி, மைனர் என்றால் சோகம் என்று ஆரம்பத்திலேயே சொல்லிக் கொடுக்கிறார்கள் அல்லவா, என்னை அதிகம் தாமதப்படுத்தியது அந்த ஒரு வாக்கியம்தான். ஏ மைனரை எடுத்துக்கொள்ளுங்கள். சி மேஜர் பாட்டில், சி கார்டுக்கு அடுத்து அது வந்தால் சோகம் என்று ஒன்றும் இல்லை. மூன்று ஸ்வரங்களில் இரண்டு அப்படியே இருக்கின்றன, ஒன்று மட்டும் நகர்ந்திருக்கிறது. விளக்கை லேசாகக் குறைத்தது போல இருக்கும், அவ்வளவுதான். ஜி மேஜர் பாட்டில் அதே ஏ மைனர் எங்கோ கிளம்பப் போகிற ஆளைப் போல வாசலில் நிற்கும். ஏ மைனர் பாட்டில் அதுவே வீடு. மூன்று இடத்திலும் விரல் ஒன்று, ஒலி ஒன்று, காதுக்குப் படுவது மட்டும் வேறு. சோகமா இல்லையா என்று உட்கார்ந்து யோசிப்பதற்குள் பாட்டு நான்கு கார்டு தாண்டிவிடும்.

அதனால் எழுத்துகளை விட்டு எண்களுக்கு வந்தேன். சங்கீதக் கோட்பாட்டில் ரோமன் எண்கள் முன்பே இருந்தாலும், எனக்குப் புரிந்தது நாஷ்வில் முறை வழியாகத்தான். அமெரிக்காவின் நாஷ்வில் ஸ்டுடியோக்களில் 1950களின் இறுதியில் ஜோர்டனைர்ஸ் என்ற பாடகர் குழுவில் இருந்த நீல் மேத்யூஸ் கார்டுகளுக்குப் பெயர் எழுதாமல் 1, 4, 5 என்று எண் போட்டுக்கொண்டார். மற்றவர்கள் அதை எடுத்து வளர்த்தார்கள். பாடகருக்கு இன்றைக்குத் தொண்டை சரியில்லை, அரை ஸ்வரம் இறக்கு என்றால் தாளை மாற்றி எழுத வேண்டியதில்லை. 1 எது என்று சொன்னால் போதும். அன்று மாலை எனக்குத் தேவைப்பட்டது இதுதான்.

ஸ்வரங்களில் சொன்னால் இன்னும் சுலபம். மேஜர் ஸ்கேல் என்பது சங்கராபரணத்தின் ஸ்வரங்கள்தான். ஒன்று விட்டு ஒன்றாக மூன்று ஸ்வரம் எடுத்தால் ஒரு கார்டு. 1 என்றால் ஸ க ப. 2 என்றால் ரி ம த. 3 க ப நி. 4 ம த ஸ. 5 ப நி ரி. 6 த ஸ க. ஏழாவது நி ரி ம, அது அபூர்வமாகத்தான் தனியாக வரும், இப்போதைக்கு ஓரமாக இருக்கட்டும். இயல்பாக 1, 4, 5 மேஜர், 2, 3, 6 மைனர்.

சரி, எண் தெரிந்துவிட்டது. காதில் அதை எப்படிப் பிடிப்பது?

முதல் இரண்டு வாரம் எந்தக் கார்டு என்று யோசிக்கவே இல்லை. எப்போது மாறுகிறது என்று மட்டும் பார்த்தேன். மாறும் இடத்தில் மேசையில் ஒரு தட்டு. சின்னப் பிள்ளை விளையாட்டு மாதிரி தோன்றும், ஆனால் நான் பாதிக்கு மேல் தவறாகத் தட்டினேன். குரல் திடீரென்று மேலே போனால் தட்டினேன், டிரம்மர் உருட்டினால் தட்டினேன். கார்டு அங்கே அசையவே இல்லை. என் காது இத்தனை வருடமும் மெட்டின் பின்னாலேயே அலைந்திருக்கிறது என்பது அப்போதுதான் தெரிந்தது.

அடுத்தது ஸ எங்கே என்று தேடுவது. பாட்டை நடுவில் சட்டென்று நிறுத்திவிட்டு, எந்த ஸ்வரத்தில் போய் உட்கார்ந்தால் முடிந்ததாகத் தோன்றுமோ அதை வாயை மூடிக்கொண்டு இழுப்பேன். கிட்டாரைத் தொடமாட்டேன். பெரும்பாலான பாட்டுகளில் இது யாருக்கும் வரும். பாட்டு எப்போது முடிகிறது என்று கேட்பவர்களுக்குத் தெரிகிறதே, அதே அறிவுதான். எனக்கும் அது முன்பே இருந்தது. அதைக் கருவியாக எடுத்துப் பயன்படுத்தலாம் என்றுதான் தோன்றவில்லை.

ஸ கிடைத்ததும் விடக்கூடாது. பாட்டை மறுபடி ஓடவிட்டு, கார்டுகள் மாற மாற, நான் மட்டும் அதே ஸ-வைச் சுருதிப் பெட்டி போல இழுத்துக்கொண்டே இருப்பேன். இதை முதல்முறை செய்த இரவு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சில கார்டுகளில் என் ஸ கரைந்து காணாமல் போனது. சில கார்டுகள் வந்ததும் அது துருத்திக்கொண்டு நின்றது, கீழே இறங்கிவிடு என்று யாரோ தோளைப் பிடித்து அழுத்துவது போல. நான் ஒன்றுமே செய்யவில்லை, ஒரே ஸ்வரம்தான். கார்டுகள்தான் வந்து வந்து அதைச் சோதித்துவிட்டுப் போயின.

ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். ஸ இருப்பது 1, 4, 6 ஆகிய மூன்றில். மற்ற மூன்றில் இல்லை. ஆக ஒரே ஒரு ஸ்வரத்தை இழுத்தால் ஆறு கார்டும் இரண்டு கூடையாகப் பிரிந்துவிடுகிறது. அப்படியானால் ப-வை இழுத்தால்? அது 1, 3, 5இல் இருக்கிறது. க? 1, 3, 6இல். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. ஸ, க, ப மூன்றும் பொருந்தினால் அது 1. ஸ-வும் க-வும் மட்டும் என்றால் 6. ஸ மட்டும் என்றால் 4. க-வும் ப-வும் என்றால் 3. ப மட்டும் என்றால் 5. மூன்றுமே ஒட்டவில்லை என்றால் 2. ஆறு கார்டுக்கும் ஆறு கைரேகை, ஒன்று போல இன்னொன்று இல்லை. பாட்டை மூன்று முறை ஓடவிட்டு மூன்று ஸ்வரம் இழுத்தால் எல்லாக் கார்டும் கையில்!

காகிதத்தில் எவ்வளவு அழகு. தொண்டையில் அவ்வளவு இல்லை.

பொருந்துகிறது என்பதற்கும் கார்டுக்குள்ளே இருக்கிறது என்பதற்கும் நடுவில் ஒரு வழுக்கல் இருக்கிறது. 5 ஒலிக்கும்போது ஸ-வை இழுத்தால் சந்தேகமே வராது, பக்கத்தில் இருக்கும் நி-யோடு அது இடிக்கும். ஆனால் 2 ஒலிக்கும்போது ஸ-வை இழுத்தால் ரி ம த ஸ என்று ஆகிறது, அது அடி ஸ்வரத்திலிருந்து ஏழாவதையும் சேர்த்த அருமையான மைனர் செவன்த் கார்டு. இடிக்கவே இல்லை, இனிக்கிறது. நான் பொருந்துகிறது என்று குறித்து 4 என்று எழுதினேன். 6இன் மேல் ப-வும் அப்படித்தான். த ஸ க ப, இன்னொரு மைனர் செவன்த். ஆக 6 எனக்கு 1 மாதிரிக் கேட்டது. 4இன் மேல் க-வும் ஓரளவு சொகுசாக உட்காரும், மேஜர் செவன்த். அதனால் 4, 6ஆக மாறியது. பல வாரம் இந்த மூன்று தவறுகளையும் மாற்றி மாற்றிச் செய்தேன். தவறு ஒரே மாதிரி வந்ததால்தான் காரணத்தைக் கண்டுபிடிக்க முடிந்தது. தாறுமாறாகத் தவறு செய்திருந்தால் எனக்குக் காதே இல்லை என்று விட்டிருப்பேன்.

குழப்பத்தைத் தீர்க்க பேஸ் பக்கம், அதாவது அடியில் ஒலிக்கும் தடித்த ஸ்வரத்தின் பக்கம், போக வேண்டியிருந்தது. 2இல் கீழே ரி இருக்கும், 4இல் ம இருக்கும். 6இல் த, 1இல் ஸ. மேலே இரண்டு ஸ்வரம் பொதுவாக இருந்தாலும் அடி வேறு. இது எல்லாப் புத்தகத்திலும் இருக்கிற ஆலோசனைதான், பேஸைக் கேள். எனக்கு அது மட்டும் கேட்கவே கேட்காது. ஏன் என்பது பிறகு தெரிந்தபோது அசட்டுத்தனமாக இருந்தது. நான் இத்தனை நாளும் பயிற்சி செய்தது போனின் ஸ்பீக்கரில். நான்கு கம்பி பேஸ் கிட்டாரின் தடித்த கம்பியை விரல் வைக்காமல் மீட்டினால் 41 ஹெர்ட்ஸ் சொச்சம். சாதாரண கிட்டாரின் தடித்த கம்பிக்கு 82. அந்த ஆழத்தை ஒரு சின்ன ஸ்பீக்கரால் ஒலிக்கவே முடியாது. மேலே இருக்கிற துணை அதிர்வுகளை வைத்து மூளை கீழே இருப்பதை ஊகித்து நிரப்பிக்கொள்ளும். பாட்டை ரசிக்க அந்த ஊகம் போதும். கார்டு பிடிக்கப் பழகுகிறவனுக்குப் போதாது.

ஹெட்போன் மாட்டியதும் பாதிப் பிரச்சினை போயிற்று. மீதிப் பாதிக்கு ஒரு தந்திரம் உதவியது. மென்பொருளில் பாட்டின் வேகத்தை மாற்றாமல் சுருதியை மட்டும் ஓர் ஆக்டேவ் (ஒரு ஸ்தாயி) மேலே ஏற்றினால், பாடகர் அணில் மாதிரிக் கீச்சிடுவார், பேஸ் நம் தொண்டைக்கு எட்டுகிற இடத்துக்கு வந்துவிடும். சேர்ந்து பாடலாம். பாடினால்தான் பிடிபடும். கேட்டுவிட்டேன் என்று நான் நினைத்த பேஸ் வரிகளைப் பாடிப் பார்த்தபோது பாதிக்குமேல் கற்பனை.

பேஸிலும் ஒரு கண்ணி உண்டு. ஒரு பாட்டில் பேஸ் ஸ, நி, த என்று படியிறங்கிக்கொண்டு போனது. நான் 1, 7, 6 என்று எழுதிவிட்டுப் பெருமைப்பட்டேன், அபூர்வமான ஏழாவதைப் பிடித்துவிட்டோம் என்று. வாசித்துப் பார்த்தால் ஒட்டவில்லை. நடுவில் இருந்தது வெறும் 5. அதன் நடு ஸ்வரமான நி-யைப் பேஸ் எடுத்துக்கொண்டு, படியிறங்க வசதியாக ஆக்கியிருக்கிறது. எந்த ஸ்வரம் அடியில் இருந்தாலும் கார்டு ஒன்றுதான் என்று பிரெஞ்சு இசையமைப்பாளர் ராமோ 1722இலேயே எழுதிவிட்டார். எனக்குத்தான் முந்நூறு வருடம் தாமதமாகச் செய்தி வந்தது. இப்போதெல்லாம் பேஸ் படிப்படியாக நகர்ந்தால் உடனே சந்தேகப்பட்டு, மேலே ப-வை இழுத்துப் பார்க்கிறேன். கச்சிதமாக உட்கார்ந்தால் 5தான்.

பயிற்சிக்கு எது நல்லது என்று கேட்பவர்களுக்குப் பாகெல்பெல்லின் கேனன் இன் டி-யைச் சொல்வேன். கல்யாண மேடைகளில் வாசித்து வாசித்துத் தேய்ந்துபோனது என்று இசைக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். அதில் செல்லோ எட்டே எட்டு ஸ்வரங்களை 28 முறை திரும்பத் திரும்ப வாசிக்கிறது. 1, 5, 6, 3, 4, 1, 4, 5. மெதுவான வேகம், அடியில் ஒளிந்து விளையாடாத பேஸ். எட்டாவது சுற்றில் தவறவிட்டால் ஒன்பதாவது சுற்று காத்திருக்கிறது. வேறெங்கும் இவ்வளவு பொறுமையான ஆசிரியர் கிடைக்க மாட்டார். 3 என்ற கார்டை நான் முதன்முதலில் அடையாளம் கண்டது இங்கேதான்.

கொஞ்ச நாள் போனதும் தனித்தனிக் கார்டாகக் கேட்பது தானாகக் குறைந்து, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் அசைவு கேட்கத் தொடங்கியது. 5லிருந்து 1க்கு வருவது எல்லோருக்கும் தெரிந்த முடிவு. 5 செவன்த்தாக இருந்தால் அதற்குள் நி-யும் ம-வும் ஒன்றையொன்று பொறுக்காமல் இருக்கும். நி அரை ஸ்வரம் ஏறி ஸ ஆகும், ம அரை ஸ்வரம் இறங்கி க ஆகும், அப்பாடா என்று இருக்கும். 4லிருந்து 1க்கு வருவதும் முடிவுதான், ஆனால் அதில் அந்த அப்பாடா இல்லை. ஸ ஏற்கெனவே அங்கே இருந்ததால், வெளியே போகாதவர் திரும்பி வந்தது போல.

எனக்குப் பிடித்தது 5லிருந்து 6க்குப் போவது. ஏமாற்று முடிவு. எதிர்பார்த்தபடி ஸ வருகிறது, க வருகிறது, மேலே எல்லாம் சரியாக நடக்கிறது. கீழே பேஸ் மட்டும் ஸ-வுக்குப் போகாமல் த-வுக்கு ஏறிவிடுகிறது. தொண்டையில் ஸ-வையும் க-வையும் வைத்துச் சோதித்தால் 1 என்றே சாட்சி சொல்லும். பேஸைப் பாடிப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும். நான் முன்பு 6ஐ 1 என்று எழுதிய தவறுகளில் பல இந்த இடத்தில்தான் நடந்திருந்தன.

ஸ்கேலுக்கு வெளியே இருந்து வருகிற கார்டுகளைக் கண்டு பயந்துகொண்டிருந்தேன். உண்மையில் அவைதான் சுலபம். 3ஐ மேஜராக வாசித்தால் அதற்குள் ப அரை ஸ்வரம் ஏறியிருக்கும். அந்த நேரம் நீங்கள் ப-வை இழுத்துக்கொண்டிருந்தால் பல் கூசும். ஏறிய அந்த ஸ்வரம் பெரும்பாலும் இன்னொரு அரைப்படி ஏறி த-வில் போய் நிற்கும், 6 வந்துவிட்டது. 4 மேஜராக வந்து, உடனே மைனராக மாறி, 1க்கு வந்தால் உள்ளே ஒரு சன்னமான இறக்கம் இருக்கும். த, அரைப்படி கீழே, அங்கிருந்து ப. பாட்டின் கடைசியில் தொண்டையை அடைக்க வைக்கிற இடங்களில் இது நிறைய உண்டு. அந்த மூன்று ஸ்வரத்தைக் கூடவே பாடிப் பழகினால் அப்புறம் அது எங்கே வந்தாலும் தப்பாது.

1, 5, 6, 4 என்ற சுற்றைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன். அதே சுற்றை 6இல் ஆரம்பித்தால் 6, 4, 1, 5. நான்கு கார்டும் அதே வரிசையில் சுழல்கின்றன, ஆனால் எது வீடு என்று காது தடுமாறும். மேஜர் பாட்டா, மைனர் பாட்டா என்று நானும் ஒரு கீபோர்டு நண்பனும் மணிக்கணக்கில் வாதாடியிருக்கிறோம். சில பாட்டுகளுக்கு இரண்டு ஸ இருக்கிறது என்று இப்போது விட்டுவிட்டேன். அவன் விடவில்லை.

பன்னிரண்டு பார் (தாளச் சுற்று) கொண்ட ப்ளூஸ் போன்ற வடிவங்களுக்குக் காதே அதிகம் வேண்டாம், எண்ணத் தெரிந்தால் போதும். நான்கு பார் 1, இரண்டு பார் 4, இரண்டு பார் 1, பிறகு 5, 4, 1, 1. கடைசிப் பாரில் 5 வந்து மறுபடி தொடக்கத்துக்குத் தள்ளிவிடுவதும் உண்டு.

தினமும் பத்து நிமிடம்தான் செய்தேன். ஒரே ஒரு கண்டிப்பு வைத்துக்கொண்டேன்: எழுதி முடிக்கும் வரை கிட்டாரைத் தொடுவதில்லை. கையில் கருவி இருந்தால் விரல் ஒவ்வொன்றாக மாற்றி மாற்றி வைத்துச் சரியானதில் வந்து நின்றுவிடும், காது அந்தப் பக்கம் தூங்கும். இணையத்தில் கிடைக்கிற கார்டுத் தாள்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பதையும் நிறுத்தினேன். அவற்றில் 2ஐ 4 என்றும், அடி மாறிய 5ஐ வேறு ஏதோவாகவும் எழுதியிருப்பதை நிறையப் பார்த்தாயிற்று. எழுதியவரும் என்னைப் போல எங்கோ வழுக்கியிருக்கிறார். ஏறத்தாழ ஒரு வருடத்தில், சாதாரணமான நான்கு கார்டுப் பாட்டுகள் ஓடும்போதே எண்கள் வர ஆரம்பித்தன. ஜாஸ் பாட்டுகளில் இன்றும் பாதி வழியில் தொலைந்துபோவேன்.

போன மாதம் அதே கூட்டம், அதே பாடகி. இம்முறை கீ என்ன என்று நான் கேட்கவில்லை. அவள் முதல் வரி பாடும்போது மெல்ல ஸ-வை இழுத்து, ஒரே கம்பியில் விரலால் தேடி, இரண்டாவது வரியில் சேர்ந்துகொண்டேன். பல்லவி சிக்கலில்லாமல் போயிற்று. முடிந்ததும் கீபோர்டு நண்பன் ஆரம்பித்தான். “ரெண்டாவது வரிக் கடைசியில 4 போட்டே. அது 2.”

“பேஸ்ல ம இருக்கே.”

“மேலே ரி இருக்கே.”

ஒலிப்பதிவைப் போட்டுக் கேட்டோம். இரண்டும் இருந்தன. ம த ஸ ரி. 4இன் மேல் ஆறாவது ஸ்வரம் சேர்த்தது என்றும் சொல்லலாம், 2இன் செவன்த்தில் ம அடிக்குப் போய்விட்டது என்றும் சொல்லலாம், ஸ்வரங்கள் நான்கும் அவையேதான். இதற்கும் ராமோ வழி சொல்லியிருக்கிறார்: அடுத்து 5க்குப் போனால் 2 என்று வைத்துக்கொள், 1க்குப் போனால் 4 என்று வைத்துக்கொள். கேட்டோம். முதல் தடவை 1க்குப் போகிறது. வரி திரும்ப வரும்போது 5க்குப் போகிறது.

“இன்னொரு தடவை அந்த வரியை மட்டும் பாடு” என்று அவளிடம் கேட்டோம். பாடினாள், வேறு சுருதியில். “இப்ப எந்தக் கீ?” என்றான் அவன். நான் ஸ-வைத் தேடி இழுக்க ஆரம்பித்திருந்தேன்.